மஞ்சள் வைத்த சுவெட்டர்

கைப்பின்னல் சுவெட்டர் ஒன்றை என்னிடம் தந்தால் முதலில் அதைப் புரட்டி உள்பக்கத்தைத்தான் பார்ப்பேன். வெளிப்பக்கத்தை யாரும் அழகாகப் பின்னிவிடலாம். நூல் மாற்றிய இடத்தில் பின்னியவள் முடிச்சுப் போட்டாளா, இல்லை நுனியை ஊசியால் இழுத்து ஒளித்தாளா, தோளைப் பொருத்தும்போது பொறுமையாக இருந்தாளா, இல்லை யாருடைய பிறந்தநாளுக்கோ அவசரப்பட்டாளா, எல்லாம் உள்ளே எழுதிக் கிடக்கும். டென்மார்க்கின் இந்த வைலே நகரத்தில் பழைய சுவெட்டர் விஷயத்தில் என்னை ஏமாற்றக்கூடிய ஆளை நான் இன்னும் காணவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இது கூடப் பிறந்த வித்தை அல்ல. யாழ்ப்பாணத்துக்காரிக்குக் கம்பளியோடு என்ன சம்பந்தம்? டென்மார்க்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில், டெனிஷ் படிக்கப் போன வகுப்பில் யாரோ கொண்டுவந்து வைத்த பழைய உடுப்புப் பையிலிருந்து எனக்கு ஒரு கருநீலச் சுவெட்டர் கிடைத்தது. நெஞ்சு முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். இரண்டு கிழமை அதைக் கழற்றவே இல்லை. பிறகு மீன்குழம்பு மணக்கிறதே என்று வோஷிங் மெஷினில் போட்டு, அறுபது பாகையில் விட்டேன். எங்கள் வீடுகளில் எல்லாவற்றையும் கொதிக்கக் கொதிக்கத்தானே தோய்ப்போம், இல்லாவிட்டால் கறி மணம் போகுமா? வெளியே வந்த சாமான் சுருங்கி, நான்கு வயதுப் பிள்ளைக்கும் காணாது. மேசையில் வைத்தால் விறைத்துக்கொண்டு தானாக நின்றது. என் கணவர் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குசினிக்குள் மேலும் கீழும் நடந்தார்.

"நல்ல தொப்பி. கடைசிவரைக்கும் பாவிக்கலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த நாளே பழைய சாமான் கடைக்குப் போய் இன்னொரு சுவெட்டர் வாங்கிவந்து, கத்தரிக்கோலால் கழுத்தைத் திறந்து, நூலை உருவ ஆரம்பித்தேன். கழுத்து, தோள், கை என்று கடைசியில் பின்னியது முதலில் அவிழ்ந்தது. எங்கே கண்ணிகளைக் குறைத்தாள், எங்கே கூட்டினாள் என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். பிறகு அதே நூலால் திரும்பப் பின்னினேன். ஒரு கை மற்றதைவிட நான்கு விரல் நீளமாக வந்தது. அதையும் அவிழ்த்தேன். பின்னிப் படித்தவர்களுக்கு மறந்து போகலாம், பிரித்துப் படித்தவளுக்கு மறக்காது.

பல வருடங்கள் ஒரு உணவுத் தொழிற்சாலையின் குளிரறையில் வேலை செய்தேன். வெள்ளை அங்கிக்குள்ளே நான் பின்னிய சுவெட்டர்தான் என்னைக் காப்பாற்றியது. முழங்காலை மட்டும் அது காப்பாற்றவில்லை. வேலையை விட்ட பிறகு, நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலவறையில் ஒரு அறை கேட்டு வாங்கினேன். பழைய கைப்பின்னல் சுவெட்டர்களை வாங்கி, ஓட்டைகளைப் பின்னி, விற்கத் தொடங்கினேன். ஆர்ஹூஸிலிருந்து ரயிலேறி வரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள்கூடப் படியிறங்கி வருவார்கள். இப்போது கடைகளில் தொங்குவது ஒரு கிழக்குக் காற்றுக்குத் தாங்காது. அந்தக் காலத்து நூலில் ஆட்டின் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கும், மழைத்துளி அதில் பட்டு உருண்டு ஓடும்.

நிலவறைக்கு ஒரு காரணம் உண்டு. இந்தச் சுவெட்டர்களில் பாதிக்குமேல், இறந்துபோனவர்களின் வீடுகளைப் பிள்ளைகள் காலி செய்யும்போது வருகிறவை. என் கணவர் சாமி கும்பிடுவதில் அவ்வளவு மும்முரமில்லாதவர், ஆனால் இந்த விஷயத்தில் பாறை.

"செத்த சனத்தின்ர உடுப்பு எங்கட வாசலுக்குள்ள வரப்படாது. நீர் கீழ வைச்சு என்னெண்டாலும் செய்யும்" என்றார் முதல் நாளே.

"அதை வாங்கிப் போடுற ஆக்களுக்கு ஒண்டும் ஆகாதோ?"

"அதுக்குத்தான் சொல்லுறன், விக்கிறதுக்கு முதல் ஒரு பொட்டு மஞ்சளாவது வையும். புதுசு மாதிரி ஆகட்டும்."

புது உடுப்பு உடுத்த முன்னர் ஒரு மூலையில் மஞ்சள் தடவுவது எங்கள் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பொங்கல் சட்டைக்கு அம்மா தடவாமல் விட்டதில்லை. பழைய சட்டைக்கு மஞ்சள் வைத்து அதைப் புதிதாக்குவது மட்டும் என் கணவரின் சொந்தச் சட்டம். எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு போத்தல் மூடியில் மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு சுவெட்டரின் கீழ் விளிம்பிலும் உள்பக்கமாக ஒரு விரல் வைத்து ஒற்றிவிடுவேன். போனவள் போனாள், இனி இது இருக்கிறவளுக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வாங்க வந்தவர்கள் அதை என் கடையின் முத்திரை என்று நினைத்தார்கள். விளிம்பைப் புரட்டி மஞ்சளைத் தேடிப் பார்த்து, "இது உங்களிடம் வாங்கியதுதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு இருந்துவிட்டேன். இறந்தவர்களை அனுப்பிவைக்கும் மஞ்சள் என்று டெனிஷ்காரருக்கு விளக்கப்போனால் வியாபாரம் படுத்துவிடும் என்பது என் கணக்கு.

அந்த மனிதர் ஒரு பெப்ரவரித் தொடக்கத்தில் வந்தார். எழுபதைத் தாண்டியிருக்கும். உயரம், ஒல்லி, கை மட்டும் பெரிது. துறைமுகத்தில் மரப்படகு திருத்தியவர் என்று பிறகு சொன்னார். ஒரு துணிப்பையிலிருந்து சாயம் போடாத வெள்ளைக் கம்பளிச் சுவெட்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கயிறு முறுக்கியது போன்ற பின்னல், தொளதொளவென்ற அளவு. இடது முழங்கையைப் பூச்சி அரித்திருந்தது.

"என் மனைவி தனக்காகப் பின்னியது. இலையுதிர்காலத்தில் இறந்துவிட்டாள்" என்றார். "அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அவளுடைய சாம்பலைக் கடலில் தூவப் போகிறோம். படகில் இதைப் போட்டுக்கொள்ள விரும்புகிறேன்."

நான் வழக்கம்போல உள்பக்கத்தைப் புரட்டினேன். நல்ல கைகாரி. ஒரு முடிச்சு இல்லை. இடது அக்குளுக்குக் கீழே மட்டும் ஒரு முறுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்டும் காணாததுபோல் மேலே பின்னிக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது.

"முழங்கையை மட்டும் பாருங்கள்" என்றார் அவர். "தோய்க்க வேண்டாம். வேறு ஒன்றுமே செய்ய வேண்டாம்." சுவெட்டரை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனார். "அவள் இன்னும் இதில் இருக்கிறாள்."

எங்கள் ஊரில் இறந்தவரின் உடுப்பை வீட்டில் வைத்திருக்கவே மாட்டோம். இவர் அதை மூக்கோடு வைத்துக்கொண்டு நிற்கிறார். தோய்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து வாங்கி வைத்தேன். அவர் போன பிறகு நானும் மணந்து பார்த்தேன். சவர்க்காரமும் விறகடுப்புப் புகையும் கலந்த மணம்.

அந்த முழங்கையில் மூன்று நாள் இருந்தேன். ஓட்டையின் மேல் நூலை ஓட்டி அடைப்பது எல்லாரும் செய்வது. நான் அரித்த பகுதியை முழுவதும் எடுத்துவிட்டு, மேலும் கீழும் உயிரோடிருந்த கண்ணிகளைப் பிடித்து, அதே வயதுடைய நூலால் அதே இறுக்கத்தில் திரும்பப் பின்னினேன். முடித்துவிட்டுப் பார்த்தேன். பின்னியவளே எழுந்து வந்தாலும் எந்த முழங்கை என்று கேட்டிருப்பாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அன்று சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய ஆறு சுவெட்டர்களை மடித்து மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். மஞ்சள் மூடி கையில். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவில். கணவர் கடையில் நின்றுகொண்டு வெங்காயம் சிவப்பா வெள்ளையா என்று கேட்டார். இது தெரியாமல் இத்தனை வருடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் ஏசிக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று விளிம்பைப் புரட்டி ஒற்றிக்கொண்டு போனேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் மூடியில் மஞ்சள் தீர்ந்திருப்பதைக் கண்டேன். ஆறுக்குத்தான் குழைத்திருந்தேன். வரிசையின் கடைசியில் ஏழாவதாக அந்த வெள்ளைச் சுவெட்டர் கிடந்தது, அதன் விளிம்பிலும் ஒற்றியிருந்தேன்.

கருநீலத்திலும் மண்ணிறத்திலும் உள்ளே வைக்கும் மஞ்சள் வெளியே தெரியாது. இந்த வெள்ளையில் அது ஊறி வெளிப்பக்கம் வந்துவிட்டது. இடது விளிம்பில், பெருவிரல் அளவில், பளிச்சென்று.

கறையைவிட வேறொன்றுதான் என்னைச் சுட்டது. மனைவி இதில் இருக்கிறாள், அவளைத் தொடாதே என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டுப் போனார். நான் அவளைப் போ என்று சொல்கிற மஞ்சளை எடுத்து வைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. என் கையை நம்பி நம்பி எனக்குக் கண் போய்விட்டது.

தோய்க்க முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் சவர்க்காரம் போட்டாலும் மஞ்சள் சிவந்துபோகும். மஞ்சளுக்கு ஒரே எதிரி வெயில். ஊரில் வெள்ளை வேட்டியில் பட்டால் ஒரு பகல் கொடியில் கிடந்தாலே போய்விடும். இது டென்மார்க், பெப்ரவரி மாதம். வெயில் என்ற சாமானை நாங்கள் கண்டு மூன்று கிழமை.

அன்று கணவர் வெங்காயத்தோடு வந்ததும் மேலே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்" என்று சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "அழுறீரோ?"

"இல்லை. வெங்காயம்."

"இன்னும் உரிக்கேல்லையே." வெங்காயப் பையை மேசையில் வைத்தார். பிறகு, "மேல கொண்டு வாரும்" என்றார்.

"எதை?"

"அந்த மனிசியின்ர சுவெட்டரைத்தான். உம்மட நிலவறைக்கு எங்கால வெயில்? எங்கட ஹோல் யன்னல்தானே தெற்குப் பக்கம்."

அவரே சோபாவை இழுத்து யன்னலோரம் போட்டார். வெயில் பட்டால் மணமும் போய்விடும் என்று எனக்குப் பயம். ஒரு பொலித்தீன் பையில் சுவெட்டர் முழுவதையும் சுற்றிக் கட்டி, மேலே கறுப்புத் துணி போர்த்து, மஞ்சள் பட்ட இடத்தை மட்டும் வெளியே விட்டேன். முதல் நாள் மேகம். இரண்டாம் நாள் மேகமும் மழையும். மூன்றாம் நாள் காலை, பொதிகள் விநியோகிக்கும் தன் வான் வண்டியில் வேலைக்குப் புறப்படும்போது அவர் அந்தக் கட்டைத் தூக்கிக் கமக்கட்டில் வைத்துக்கொண்டார்.

"எங்க கொண்டு போறியள்?"

"கோல்டிங் பக்கம் போகேக்க வெயில் நேரா முகத்தில அடிக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழ விரிச்சு விடுறன்."

இறந்தவரின் உடுப்பை வாசலுக்குள் விடாத மனிதர் நான்கு நாள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெற்கு யூட்லாண்டைச் சுற்றினார். மேகம் விலகுகிற திசை பார்த்து, எந்தத் தெருவை முதலில் முடிப்பது என்று மாற்றினாராம். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"என்ன பயம்? நல்ல மனிசி. வழியில ஒண்டும் கதைக்கேல்ல" என்றார்.

மஞ்சள் வெளிறியது. ஆனால் போகவில்லை. அந்த மனிதர் சுவெட்டரை எடுக்க வருவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை, தேடுகிறவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில் நின்றது.

"அது என்ர கடை முத்திரை எண்டு சொல்லும். எல்லாரிட்டயும் அப்பிடித்தானே தலையாட்டுறீர்" என்றார் கணவர்.

"அந்த மனிசனுக்கு என்னால ஏலாது" என்றேன்.

அவர் வந்தார். முதலில் முழங்கையைத் தேடினார். வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார், உள்ளே கைவிட்டுத் தடவினார். கண்டுபிடிக்க முடியாமல் முகம் மலர்ந்தது. அந்த முகத்தோடேயே அவரை அனுப்பியிருக்கலாம். நான் விளிம்பைத் திருப்பிக் காட்டினேன்.

"எங்கள் வழக்கத்தில் புது உடுப்புக்கு மஞ்சள் வைப்போம்" என்று டெனிஷில் சொன்னேன். "இறந்தவர்களின் சுவெட்டர்களை விற்கும்போது நானும் வைக்கிறேன். இனி இது உயிரோடிருப்பவருக்குரியது என்று அர்த்தம். உங்களுடையதில் வைத்திருக்கக் கூடாது. கவனமில்லாமல் வைத்துவிட்டேன். வெயிலில் வைத்துப் பார்த்தேன், முழுவதும் போகவில்லை."

அவர் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"அப்படியென்றால் அவளை இதிலிருந்து வெளியே அனுப்பிவிட்டீர்கள்" என்றார்.

நான் விளிம்பைத் திரும்ப மடித்துவிட்டேன்.

"நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்" என்றார். சுவெட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறிப் போனார். பஸ் கதவு திறந்தாலே நன்றி சொல்கிற நாடு இது. அவர் அதைச் சொல்லாமல் போனார்.

சனிக்கிழமை முழுவதும் கிழக்குக் காற்று. கடலில் எப்படி அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுவெட்டரைத் தவிர வேறெதுவும் அந்தக் காற்றைத் தடுக்காது என்பதும் தெரியும். போட்டாரா, போடாமல் விட்டாரா என்று நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கணவர் இரண்டு தரம் தேநீர் போட்டுத் தந்தார். இரண்டு தரமும் சீனி கூட.

அதற்குப் பிறகு மஞ்சளை ஒரு முத்திரை என்று நான் யாரையும் நினைக்க விடவில்லை. கேட்டவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு பெண் சுவெட்டரைச் சூடுபட்டதுபோல் கீழே வைத்துவிட்டுப் போனாள். மற்றவர்கள் வாங்கினார்கள். ஒருத்தி, அப்படியானால் இதைப் பின்னியவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனாள். என் வியாபாரக் கணக்கு இத்தனை வருடமும் பிழையாக இருந்திருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு நாள். நாட்காட்டியில்தான் கோடை, வெளியே ஜாக்கெட் வேண்டும். நிலவறைப் படியில் பாரமான சப்பாத்துச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அவர். வெள்ளைச் சுவெட்டர் அவர் உடம்பில் இருந்தது. என் கண் முதலில் முழங்கைக்குத்தான் போனது, பழக்க தோஷம். பின்னல் அசையவில்லை. பிறகு விளிம்பைப் பார்த்தேன். மஞ்சள் இருந்த இடமே தெரியவில்லை.

"படகில் இதைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்" என்றார் அவர், வணக்கம்கூடச் சொல்லாமல். "உங்கள்மேல் கோபம். அதோடு, அவளுடையதை நான் எப்படிப் போடுவது என்றும் இருந்தது. மகள்மார் நல்ல கோட் கொண்டுவந்திருந்தார்கள், அதற்குள்ளும் நடுங்கினேன். சாம்பலைத் தூவும்போது கை நிற்கவில்லை. அப்போது நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. உயிரோடிருப்பவருக்கு என்று சொன்னீர்கள் அல்லவா? குளிர்வது எனக்குத்தான், அவளுக்கு அல்ல. கோட்டைக் கழற்றிவிட்டு இதைப் போட்டேன். பிறகு கை நின்றது."

நான் கதிரையைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"அன்றிலிருந்து இதைத்தான் போடுகிறேன். தோட்டத்திலும் படகுக் கொட்டிலிலும். வெயிலில் மஞ்சள் போய்விட்டது." கைவிளிம்பை மூக்கருகே கொண்டுபோய் இறக்கினார். "அவளுடைய மணமும் போய்விட்டது. இப்போது என் மணமும் தார் மணமும்தான். மணத்தை நீங்கள் திருப்பித் தர முடியாது. மஞ்சளையாவது திரும்ப வைத்துத் தர முடியுமா?"

மேலே கணவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இஞ்சருங்கோ, ஒரு போத்தல் மூடியில கொஞ்சம் மஞ்சள் குழைச்சுக் கொண்டு வாங்கோ."

இத்தனை வருடத்தில் அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். வந்தவரைப் பார்த்தார், சுவெட்டரைப் பார்த்தார், பழகிய ஒருத்தியைக் கண்டதுபோலத் தலையை அசைத்தார்.

கழற்றித் தாருங்கள் என்று கேட்டேன். உள்ளே மெல்லிய பனியன்தான், குளிரும் என்றார் அவர். உடம்பில் கிடக்கிற சட்டைக்கு நாங்கள் மஞ்சள் வைப்பதில்லை, உடுத்த முன்னர்தான் வைப்போம். பரவாயில்லை என்று, முழங்கால் நோக நோக நிலத்தில் குந்தி, விளிம்பைப் புரட்டிப் பிடித்தேன்.

இந்த முறை பார்த்து வைத்தேன்.